முரல் முள்

நடந்ததை நடந்த வரிசையிலேயே நான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று கேட்டால் தயங்குவேன். அன்று அடித்தது வடக்குக் காற்று என்றுதான் என் மனதில் பதிந்திருக்கிறது. எங்கள் ஊர் ஹவாரியாவில் பாதிப் பேர் அன்று காற்றே இல்லை என்பார்கள். அன்று மலையில் இருந்த கமைஸ், உயிரோடு இருந்தவரை அது மேற்குக் காற்று என்று குரான்மேல் சத்தியம் செய்யத் தயாராக இருந்தான். இதில் பாதி, அன்று அங்கே வலை கட்டியிருந்த ஹத்தாப் பின்னாளில் துண்டு துண்டாகச் சொன்னது. ஒரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் நடுவில் கையிலிருக்கும் தேநீர் ஆறிப்போகிற அளவுக்கு மௌனமாக இருப்பான். அந்த மௌனங்களில் சிலவற்றை நான் என் இஷ்டத்துக்கு நிரப்பியிருக்கலாம். ஆனால் அந்த வல்லூறு வந்தது. அதில் மட்டும் ஊரில் யாருக்கும் சந்தேகமில்லை.

ஹத்தாப் மலைச்சரிவில் ஒரு புதருக்குப் பின்னால் குந்தியிருந்தான். எதிரே இரண்டு புதர்களுக்கு நடுவில் அவனுடைய வலை, காற்றில் தெரியாத அளவுக்கு மெல்லியதாக நின்றது. வலைக்கு முன்னால் காலில் நூல் கட்டிய ஒரு சிட்டுக்குருவி மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. வசந்தத்தில் தெற்கிலிருந்து வரும் வல்லூறுகள் எல்லாம் நிலம் முடிகிற இந்த முனையில் வந்து குவியும். காற்று பின்னாலிருந்து தள்ளினால் நிற்காமல் கடலைத் தாண்டிவிடும். எதிர்க்காற்று அடித்தால் கொஞ்ச தூரம் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி, புதர்களை உரசிக்கொண்டு தாழப் பறக்கும். அப்போதுதான் வலைக்கு வேலை.

திரும்பி வந்தவற்றில் ஒன்று குருவியைப் பார்த்து மடங்கிப் பாய்ந்தது. வலை ஒருமுறை உள்வாங்கிச் சுருங்கியது. சத்தமே இல்லை.

"என்ன மாட்டுச்சு? ஆம்பளையா, பொம்பளையா?" என்று கீழ்ப் புதரிலிருந்து கமைஸ் கத்தினான். ஹத்தாப்போடு சிறுவயதிலிருந்து மலையேறுகிறவன். பறவை பிடிப்பதைவிட அவனுக்குப் பேச்சுதான் முக்கியம்.

"பொம்பளை."

"உனக்கு இந்த வருஷம் எல்லாப் பக்கமும் பொம்பளை யோகம்தாண்டா! எனக்குப் பாரு, காலையிலேர்ந்து ரெண்டு ஆம்பளை. ரெண்டையும் விட்டுத் தொலைச்சேன்."

ஆணைப் பிடித்தால் அங்கேயே விட்டுவிட வேண்டும், அது ஊர் வழக்கம். பெண்ணை ஒரே ஒரு பருவம் வைத்துக் காடை பிடிக்கலாம். காடை ஓய்ந்ததும் அதையும் விட்டுவிட வேண்டும். நம் கையில் இருக்கும்போது அதன் சிறகிலோ வாலிலோ ஓர் இறகு உடைந்திருந்தால், அப்படியே விடக்கூடாது. உடைந்ததை அடியோடு ஒட்ட நறுக்கி, மிச்சம் நிற்கும் குழலுக்குள் ஒரு சின்ன ஊசியைச் செருகி, ஊசியின் மறுமுனையில் வேறொரு இறகைப் பொருத்திக் கொடுக்க வேண்டும். இதைப் பறவையை விடுவதற்கு முந்தின நாள்தான் செய்வார்கள். பருவத்தின் நடுவில் யாரும் செய்ய மாட்டார்கள். முழுசாகிவிட்ட பறவைக்குக் கையில் நிற்க மனம் வராது என்பார்கள்.

ஹத்தாப் வலையிலிருந்து அதை எடுத்துத் துணியில் சுற்றினான். முதிர்ந்த பறவை. முதுகில் முதல் வருஷத்துப் பழுப்பு துளிகூட இல்லை, முழுக்க ஈயச் சாம்பல் நிறம். மார்பில் கோடுகள் ஒழுங்காக, மெல்லியதாக ஓடின. கண் மஞ்சளைத் தாண்டி ஆரஞ்சுக்கு வந்துகொண்டிருந்தது. வாலை விரித்துப் பார்த்தான்.

நடுவில் ஓர் இறகு வெள்ளையாக இருந்தது. அதன் நுனியில் பிறை வடிவில் ஒரு தீக்காயம்.

அந்தப் பிறை அவனுக்குத் தெரியும். நான்கு வசந்தங்களுக்கு முன்னால், அவனுடைய அண்ணன் ஜிலானியின் வல்லூறுக்கு வால் இறகு உடைந்தபோது, ஜிலானியின் மனைவி மன்னூபியா இறகுப் பெட்டியிலிருந்து இந்த வெள்ளை இறகை எடுத்தாள். அண்ணன் தம்பிகளின் அப்பா காலத்தில் சிக்கிய ஏதோ வெளிறிய பறவையின் இறகு அது. பெட்டியில் கிடந்து வளைந்திருந்ததை நிமிர்த்த அடுப்புச் சூட்டில் காட்டியவள், ரொட்டி கருகுகிறதே என்று ஒரு கணம் திரும்பியதில் நுனி பொசுங்கிவிட்டது. அன்று இறகை மறுமுனையில் பிடித்துக்கொண்டிருந்தவன் ஹத்தாப். மூன்று பேரும் சிரித்தார்கள். மறுநாள் ஜிலானி அந்தப் பறவையைப் படகில் ஏற்றிக்கொண்டு ஸெம்ப்ரா தீவுப் பக்கம் போனான். "பாதிக் கடலைத் தாண்டிக் கொண்டுபோய் விட்டா என்ன குறைஞ்சிடும்? பாவம், வாயில்லா ஜீவன்" என்று சொல்லிவிட்டுப் போனான். இரண்டு நாள் கழித்துப் படகு மட்டும் திரும்பி ஒதுங்கியது. துடுப்புகள் உள்ளே இருந்தன. பறவையின் கால்வாரை யாரோ நிதானமாக அவிழ்த்து, மடித்து, பலகை மேல் வைத்திருந்தார்கள்.

வல்லூறு ஒவ்வொரு கோடையிலும் பழைய இறகெல்லாம் உதிர்த்துப் புதிது போடும். ஒட்டின இறகு ஒரு கோடையைத் தாண்டி நிற்காது. நான்கு கோடைகளைத் தாண்டி இது நிற்கிறது என்றால், உதிர்ந்த பின் யாரோ அதை எடுத்து மறுபடி ஒட்டியிருக்க வேண்டும்.

ஹத்தாப் இணைப்பை நகத்தால் விலக்கிப் பார்த்தான். உள்ளே பச்சையாக ஒரு கீற்று தெரிந்தது.

ஊரில் எல்லோரும் தையல் ஊசியை அராவித்தான் செருகுவார்கள். ஜிலானி ஒருவன்தான் முரல் மீனின் முள்ளைச் சீவிச் செருகுவான். முரலுக்கு முள் பச்சை. "இரும்பு கனம்டா, கடல் மேல போறதுக்குக் கடல் சாமான்தான் சரி" என்பான். முள் காயக் காய வெளிறிவிடும். இது வெளிறவில்லை.

"என்னடா மாப்பிள்ளை, சத்தத்தையே காணோம்? பொண்ணு அவ்வளவு அழகா?" என்றான் கமைஸ்.

"சும்மா இருடா."

அடுத்த மாதம், பறவைகளை விட்ட பிறகு வருகிற வெள்ளிக்கிழமை, ஹத்தாப்புக்கும் மன்னூபியாவுக்கும் நிக்காஹ். காணாமல் போனவனை இறந்தவனாக நீதிமன்றம் முடிவு செய்துவிட்டது. இமாம் சம்மதித்துவிட்டார். மன்னூபியா ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருந்துவிட்டு, சாயங்காலம் 'சரி' என்று ஒரே வார்த்தை சொன்னாள். அந்த ஒரு வார்த்தைக்காக ஹத்தாப் எத்தனை வருஷம் வாயைத் திறக்காமல் காத்திருந்தான் என்பது அவனுக்கு மட்டுமே தெரியும். அதற்குப் பிறகு அவளை 'அண்ணி' என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டான். வேறு எப்படிக் கூப்பிடுவது என்றும் தெரியவில்லை. அவள் திரும்பிப் பார்க்கும்வரை வாசலில் நின்றுகொண்டிருப்பான்.

இந்த இறகை அவள் பார்த்தால் அந்தச் 'சரி' போய்விடும்.

இறகைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தான். அது கழன்று வந்தது. முள் குழலுக்குள்ளேயே நின்றுவிட்டது. அதையும் பிடுங்கப் பார்த்தான். விரல் தடித்த விரல், பிடி கிடைக்கவில்லை. இன்னும் கொஞ்சம் பலம் கொடுத்தால் குழல் பிளந்துவிடும். குழல் பிளந்தால் அந்த இடத்தில் எந்த இறகையும் ஒட்ட முடியாது, பறவையைக் குறையோடுதான் விட வேண்டியிருக்கும். அண்ணன் கடைசியாக அனுப்பிய சொல்லைப் பிடுங்கி எறியத் துணிந்தவனுக்கு, ஒரு வல்லூறின் வாலைக் கெடுக்க மனம் வரவில்லை. அப்படித்தான் வளர்க்கப்பட்டிருந்தான். வெளியே நீட்டிக்கொண்டிருந்த பச்சை நுனியை மட்டும் கத்தியால் நறுக்கி, மேலே ஒரு துளி மெழுகை வைத்து மூடினான்.

இறகைத் தூக்கி எறியவும் முடியவில்லை. கைக்குட்டையில் மடித்து உள்பையில் வைத்துக்கொண்டான்.

வீட்டில் அந்த வல்லூறு அவன் கையில் சாப்பிட்டது, முரண்டு பிடிக்கவில்லை, கொத்தவில்லை. அப்படியொரு சாதுவான பறவை அவனுக்கு இதுவரை சிக்கியதில்லை. ஆனால் தாங்கியில் எப்படி உட்காரவைத்தாலும் மேற்கே, ஸெம்ப்ராத் தீவு இருக்கிற பக்கம் திரும்பிக்கொள்ளும். நடுவில் சுவர்தான் இருந்தது, ஜன்னல்கூட இல்லை. தாங்கியை அவன் திருப்பி வைப்பான். உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் அது மறுபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். இறகில் மூக்கை வைத்தால் எல்லா வல்லூறுகளுக்கும் வருகிற வெயில் வாசனை வரவில்லை. ஈரக் கயிற்று வாசனை வந்தது.

முதல் நாள் காடைக்குக் கொண்டுபோனான். கோதுமை வயலோரம் காடை ஒன்று எழும்பியதும், பறவையைக் கையால் பிடித்து ஈட்டி எறிவதுபோல எறிந்தான். அது காடையைத் தொட்டுவிடும் தூரத்தில் போய், தொடாமல், அதைத் தாண்டிப் போனது. ஊருக்கு மேல் ஒரு வட்டமடித்து மன்னூபியாவின் வீட்டுக் கூரையில் இறங்கியது.

ஹத்தாப் மூச்சிரைக்க ஓடி வந்தபோது மன்னூபியா முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன்னுதா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"காடைய விட்டுட்டு என் வீட்டுக் கூரையில என்ன தேடுது?"

"புதுசு. இன்னும் பழகல."

அவள் சிரித்தாள். "உன்ன மாதிரிதான் இருக்கு. வந்து நிக்குது, வாயத் திறக்க மாட்டேங்குது."

அவன் கையை நீட்டினான். பறவை உடனே இறங்கி வந்தது. வால் அவள் கண்ணில் படாதபடி உடம்போடு அணைத்துக்கொண்டான். மூன்று முறை அதைக் காடைக்கு எறிந்தான். மூன்று முறையும் அது அந்தக் கூரைக்கே போனது. பிறகு எறிவதை விட்டுவிட்டான்.

ஒரு நாள் கமைஸோடு மலை முகட்டில் உட்கார்ந்திருந்தான். அன்றும் எதிர்க்காற்று. வல்லூறுகள் தனித்தனியாகவும் இரண்டிரண்டாகவும் கடல்மேல் போய், தயங்கி, திரும்பிக்கொண்டிருந்தன. திரும்பும்போது வால் விசிறிபோல விரியும். வெயில் அதற்குள் புகுந்து வரும். முதலில் திரும்பியதன் வால் நடுவில் ஒரு கோடு வெளிச்சமாகத் தெரிந்தது. அடுத்ததிலும் தெரிந்தது. பழுப்பு நிறக் குஞ்சுகள், சாம்பல் நிறக் கிழங்கள் என்று பேதமில்லாமல், திரும்பி வந்த ஒவ்வொன்றின் வாலிலும் அதே இடத்தில் ஒரு வெள்ளை. அவை கத்தவும் இல்லை. அவன் தலைக்கு மேல் வந்து, வாலை ஒருமுறை விரித்துக் காட்டிவிட்டு, சரிவுக்குப் பின்னால் மறைந்தன.

"கமைஸ், உனக்குத் தெரியுதா?"

"என்னது?"

"வாலு."

கமைஸ் கண்ணுக்குமேல் கையை வைத்துப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். பிறகு, "வாலு எல்லாத்துக்கும் இருக்குடா. கல்யாணம் முடியட்டும், உனக்கும் முளைக்கும்" என்றான். ஆனால் அவன் குரலில் சிரிப்பு இல்லை. கையிலிருந்த ரொட்டியைத் தின்னாமல் மடித்துப் பைக்குள் வைத்தான். அன்றைக்கு அவர்கள் வலை கட்டாமலே இறங்கிவிட்டார்கள்.

காடை ஓய்ந்தது. பறவைகளை விடும் நாள் நெருங்கியபோது எல்லோரும் தங்கள் வல்லூறுகளைக் கையில் ஏந்தி சந்தைச் சதுக்கத்துக்கு வந்தார்கள். ஹத்தாப் வராமலிருந்தால் ஏன் என்று கேட்பார்கள். ஒரு மூலையில் நின்றான். கமைஸ் அவன் பறவையைச் சுற்றி வந்தான்.

"டேய், வால்ல ஒரு பல்லு போயிருக்கே! இப்படியேவா விடப் போற? சதுக்கமே காறித் துப்பும்."

"வரும்போதே அப்படித்தான் வந்துச்சு" என்றான் ஹத்தாப்.

மன்னூபியா காய்கறிக் கூடையோடு பக்கத்தில் நின்றிருந்தாள். ஜிலானி போனபின் இறகு ஒட்டும் வேலை அவளுக்குத்தான் வரும். அவளும் பறவை பிடிக்கிற வீட்டில் பிறந்தவள், ஊரில் அவள் விரல்போல விரல் இல்லை.

"நாளைக்கு மத்தியானம் கொண்டா. பெட்டியில இறகு இருக்கு" என்றாள்.

அன்று தனியாக உட்கார்ந்து அவனே ஒட்டிப்பார்த்தான். குழலுக்குள் பழைய முள் இருக்கும்போது புதிய ஊசி எப்படிப் போகும்? போகவில்லை.

மறுநாள் மத்தியானம் அவள் வீட்டு முற்றத்தில் எலுமிச்சை நிழலில் உட்கார்ந்தார்கள். அவன் பறவையைத் துணியில் சுற்றி மடியில் பிடித்துக்கொண்டான். அவள் வாலை ஒரு தாளின்மேல் விரித்து வைத்தாள். குனிந்தாள். அவள் தலைமுடியின் ஆலிவ் எண்ணெய் வாசனை அவனுக்கு வந்தது. ஈரக் கயிற்று வாசனையும் வந்தது.

"மெழுகு வச்சது யாரு?"

அவன் பறவையைச் சுற்றிய துணியை இறுக்கினான்.

அவள் ஊசி முனையால் மெழுகைச் சுரண்டி எடுத்தாள். பிறகு கை அப்படியே நின்றது. உள்ளே போய் ஒரு கிண்ணத்தில் வெந்நீர் கொண்டுவந்தாள். குழலை நனைத்து, இளகும்வரை காத்திருந்து, ஊசியால் தூக்கித் தூக்கி, நெல்மணி அளவு பச்சை முள்ளை வெளியே எடுத்தாள். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். முகர்ந்து பார்த்தாள். அதுவரை அசையாமல் கிடந்த வல்லூறு கழுத்தைத் திருப்பி அவளைப் பார்த்தது.

தெருவில் ஒருவன் கழுதையைத் திட்டிக்கொண்டு போனான். அந்தச் சத்தம் தெருமுனை திரும்பித் தேய்ந்து அடங்கியது.

"இறகு எங்க?" என்றாள்.

அவன் ஒரு கையால் உள்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தான். அவள் பிரித்தாள். தீய்ந்த பிறைமேல் விரலை வைத்தாள்.

"எப்பலேர்ந்து உங்கிட்ட இருக்கு?"

"புடிச்ச அன்னிலேர்ந்து."

"ஏன் சொல்லல?"

"அண்ணன் எங்கயோ உசுரோட இருக்கான், கூப்பிடுறான்னு நீங்க நினைச்சிடுவீங்கன்னு பயந்துட்டேன், அண்ணி."

அண்ணி என்று சொன்ன பிறகுதான் சொன்னது அவனுக்கே கேட்டது.

மன்னூபியா இறகைக் கீழே வைத்தாள். "நம்ம ஊர்ல ஒரு பறவைக்கு எப்ப இறகு ஒட்டுவாங்க, ஹத்தாப்?"

"விடுறதுக்கு முந்தின நாள்."

"வச்சுக்கப்போற பறவைக்கு யாராவது ஒட்டுவாங்களா?"

"மாட்டாங்க" என்று சொல்லும்போதே அவனுக்குப் புரிந்துவிட்டது. மடியில் பறவையின் நெஞ்சு துடிப்பது கைக்குத் தெரிந்தது.

"அவரு கூப்பிடல. என்னை விட்டுட்டாரு. முழுசாக்கி, விட்டுட்டேன்னு சொல்லி அனுப்பினாரு. அதத்தான் நீ பிடுங்கிட்ட."

"அப்போ அவன் உசுரோட..."

"அது எனக்குத் தெரியாது. நீயும் கேக்காத." அவள் குரல் உயரவில்லை. "அன்னிக்கே கொண்டாந்து காட்டியிருந்தா, வெள்ளிக்கிழமைக்கு நானே மருதாணி அரைச்சிருப்பேன்."

"இப்ப ஒட்டிடலாமே அண்ணி. அதே இறகு, அதே முள்ளு."

"ஒட்டத்தான் போறேன். பறவை என்ன பாவம் பண்ணுச்சு? ஆனா இது என் கை. விட வேண்டியவரு கை இல்ல. நான் ஒட்டினா, அவரு என்னை விட்டதா ஆகாது."

முள்ளைப் பாதி குழலில் செருகி, மறுபாதியில் வெள்ளை இறகைப் பொருத்தினாள். இணைப்பு எங்கே என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு கைகளைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். வாசற்கதவைச் சாத்தவில்லை, ஆனால் திரும்பி வரவும் இல்லை.

விடுகிற நாளில் தெற்குக் காற்று வீசியது. அது தெற்குக் காற்று என்பதில் எல்லோரும் ஒத்துப்போவார்கள். ஊரே மலைமேல் நின்றது. ஒவ்வொரு வல்லூறாகக் கையிலிருந்து எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி, வடக்கே கடல்மேல் புள்ளியாகிப் போயிற்று. ஹத்தாப்பின் பறவை வடக்கே போகவில்லை. மேற்கே, ஸெம்ப்ராவைப் பார்த்துப் போனது. பாதித் தூரத்தில், ஜிலானியின் படகு கடைசியாகக் கண்ணில்பட்ட இடம் என்று மீனவர்கள் காட்டுகிற இடத்துக்கு மேலே, சிறகடிக்காமல் நின்றது. அவ்வளவு நேரம் ஒரு வல்லூறு அந்தரத்தில் அப்படி நின்று அங்கே யாரும் பார்த்ததில்லை. கமைஸ் தன்னையறியாமல் பிஸ்மில்லா சொன்னான். பிறகு அது திரும்பியது. மெதுவாக வந்து, வலை கட்டும் சரிவுக்கு மேலிருந்த பாறையில், கடலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டது.

கோடையில் ஹவாரியாவில் ஒரு வல்லூறுகூடத் தங்காது. அந்த ஒன்று தங்கியது. அந்தப் பாறையிலேயே இறகு உதிர்த்தது. உதிர்ந்த வால் இறகுகளை மன்னூபியா ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பெட்டியில் சேர்த்தாள். வெள்ளை மட்டும் உதிரவில்லை. இலையுதிர்கால முதல் மழைக்குப் பிறகு பறவையைக் காணோம்.

நிக்காஹ் நடக்கவில்லை. ஹத்தாப் கெலிபியா துறைமுகத்துக்குப் போய் மீன்பிடிப் படகில் வேலைக்குச் சேர்ந்தான். இப்போதும் அங்கேதான் இருக்கிறான், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, வலையில் முரல் சிக்கினால் தொடுவதில்லை. கமைஸ் சில வருஷம் கழித்து நெஞ்சுச்சளியில் இறந்தான். சாகும்வரை அந்த முகட்டில் என்ன பார்த்தான் என்று யாரிடமும் சொல்லவில்லை. ஜிலானி திரும்பவில்லை. அவன் உடலும் கிடைக்கவில்லை. மன்னூபியா அதே வீட்டில் இருக்கிறாள். வசந்தத்தில் ஹத்தாப்பின் பழைய இடத்தில் அவளே வலை கட்டுகிறாள். சிக்குகிற ஒவ்வொன்றின் வாலையும் விரித்துப் பார்க்கிறாள். பார்த்துவிட்டு விட்டுவிடுகிறாள்.